காதல் என்னும் சொல்



1956 நவம்பர் 1 வரை எங்கள் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் அடங்கியிருந்தது. ஆதலின் மலையாளம் எங்களுக்கு அண்டை வீட்டு மொழி. அம்மொழியில் ‘காதல்’ என்றால் மரத்தின் வைரம், உட்சாரம். 2023-இல் ஜியோ பேபி இயக்கி, மம்முட்டியும் ஜோதிகாவும் நடித்த ‘காதல்’ என்னும் மலையாளப் படம், மனித மனத்தின் வைரத்தைத் தேடுகிறது.

மாத்யூ ஊரார் மதிக்கும் மனிதர்; உள்ளாட்சித் தேர்தல் வேட்பாளர். அவருடைய உள்ளம் நாடியதோ தங்கன் என்னும் ஆடவரை. இருபதாண்டு மௌனத்துக்குப் பின், மனைவி ஓமனா மணவிலக்குக் கோருகிறார்.

1971-இல் ஜான் ஷ்லெசிங்கர் அளித்த ‘சண்டே பிளடி சண்டே’ என்னும் ஆங்கிலப் படத்திலும் முக்கோணம் உண்டு. ஓர் இளைஞனை ஒரு மருத்துவரும் ஒரு மங்கையும் ஒருங்கே நேசிக்கின்றனர். ஒருவரைப் பற்றி மற்றவர் அறிவர். முடிவில் அவன் அமெரிக்கா சென்றுவிட, இருவரும் தனித்து நிற்கின்றனர். அங்கே பிரிவு உண்டு, வஞ்சனை இல்லை.

ஓமனாவின் துயரம் வேறு. அவர் அறியாமலே ஒரு பொய்க்குள் மணம் முடிக்கப்பட்டவர். ‘கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்’ என்னும் பேச்சை எங்கள் ஊரிலும் நான் கேட்டதுண்டு. அப்பேச்சு ஒருவரைத் திருத்துவதில்லை, இருவரைச் சிறைப்படுத்துகிறது.

வயது வந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்று என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் திறந்த கதவை வீடும் திறக்கவேண்டாவா? ஓமனா தொடுத்த வழக்கு அவரை மட்டுமன்று, மாத்யூவையும் விடுவித்தது. வாய்மையே அன்பின் வைரம்.