கடற்கரை உப்பு காரோடு வீட்டுக்கு வருகிறது! ரிமோட் காரைத் துருவிடமிருந்து காப்பாற்றுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் மணலைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்த ரிமோட் கார், அடுத்த வாரம் நங்கநல்லூர் மொட்டைமாடியில் 'கிரீச்' என்று முனகும். அதற்கடுத்த வாரம் ஒரு சக்கரம் சுற்றவே சுற்றாது. "அவ்வளவுதான், இதோட ஆயுசு முடிஞ்சுபோச்சு" என்று யாராவது தீர்ப்பு சொல்ல, கார் பரணுக்குப் போய்விடும்.

பல நேரங்களில் கெட்டுப்போனது கார் அல்ல. சட்டைப் பட்டன் அளவே உள்ள ஒரு பேரிங்கில் துரு ஏறியிருக்கும், அவ்வளவுதான். அதைத் தடுக்க ஒரு சின்ன பாட்டில் தையல் மெஷின் எண்ணெயும், விளையாடி முடித்த பிறகு அரை மணி நேரமும் போதும்.

'ஹாபி கிரேடு' எனப்படும் ஆர்.சி கார்களின் விலை பல ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் கிடைத்த பணத்தைச் சேர்த்துவைத்து வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தக் கார்களில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். ஆனால், சில பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்துசேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் துரு வருமுன் காப்பதே லாபம்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

நங்கநல்லூரிலிருந்து கடல் நேர்க்கோட்டில் சுமார் 8 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. கடற்காற்றிலுள்ள உப்பு, கரையை விட்டு விலக விலக வேகமாகக் குறைந்துவிடும். ஆகவே, இந்தப் பகுதியில் பெரும்பாலும் உப்பைக் கொண்டுவருவது காற்றல்ல, கடற்கரைக்குப் போய்வந்த கார்தான். சக்கரத்தின் உள்பக்கம், ஆக்ஸில், பேரிங், ஸ்க்ரூ தலை என்று எல்லா இடுக்கிலும் ஈர மணல் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது. உலோகத்தின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தையும் உடைக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு அரிக்கத் தொடங்கிவிடும். சென்னையில் காலை நேர ஈரப்பதம் வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான்.

மழைக்காலம் இன்னொரு சோதனை. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும் நாட்களில், தெருவில் நிற்கும் தண்ணீரில் காரை ஓட்டிப் பார்க்காத பிள்ளை உண்டா? பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அந்த வார்த்தை பொதுவாக மின்னணுப் பாகங்களுக்குத்தான் பொருந்தும். பேரிங்குக்கும் ஸ்க்ரூவுக்கும் அல்ல.

பாம்பன் சொல்லும் பாடம்

உப்பும் இரும்பும் மோதிக்கொள்ளும் கதைக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் பாம்பன் பாலம். 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், 2022 வரை கடலுக்கு நடுவே ரயில்களைச் சுமந்தது. தொடர்ந்து பராமரித்து, பெயின்ட் அடித்து, அரித்த பாகங்களை மாற்றிக்கொண்டே இருந்ததால்தான் அது சாத்தியமானது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்சேன் என்ற பாதுகாப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பைப் பற்றிப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. பாலமோ பொம்மைக் காரோ, அடிப்படை ஒன்றுதான்: உப்பை அகற்று, ஈரத்தை விரட்டு, உலோகத்துக்கு மேல் ஒரு படலம் போடு.

விளையாடி முடித்ததும் அரை மணி நேரம்

1. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அது உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

2. காய்ந்த பெயின்ட் பிரஷ் அல்லது பழைய டூத் பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிடுங்கள்.

3. கடற்கரைக்குப் போய்வந்த காரென்றால் பிரஷ் மட்டும் போதாது. உப்பு, தண்ணீரில் கரைந்துதான் போகும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு, மூன்று முறை துடையுங்கள். வாட்டர்ப்ரூஃப் இல்லாத காரைக் குழாயடியில் காட்டக் கூடாது. போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் படியும். அதனால் கடைசித் துடைப்புக்கு ஆர்.ஓ தண்ணீர் நல்லது.

4. சக்கரங்களைக் கழற்றி, ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் என்றால் குளிர்ந்த காற்று மட்டும். சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

5. ஆக்ஸில், ஸ்க்ரூ தலை, இரும்பு பின்கள் மீது தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தடவுங்கள். பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு. வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் தூசி ஒட்டிப் பசையாகிவிடும்.

துரு ஏறிவிட்டதா?

ஸ்க்ரூ, பின் போன்ற சின்ன இரும்புச் சாமான்களைக் காப்பாற்றிவிடலாம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் அதே வித்தைதான். இங்கே புளிக்குப் பதில் வினிகர். சில மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அடுத்த நிமிடமே துடைத்து, காயவைத்து, எண்ணெய் தடவிவிட வேண்டும். துரு நீங்கிய இரும்பு, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கிறது. அப்படியே விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி பழுப்பேறும்.

அலுமினியப் பாகங்களையும் ஸ்பிரிங்கையும் பேரிங்கையும் வினிகரில் போடாதீர்கள். வினிகரோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. நறநறவென்றால் மாற்றிவிடுவதே மேல். சிக்கிய பேரிங்கோடு ஓட்டினால் மோட்டார் சூடாகி, அதுவும் போய்விடும். செலவு பல மடங்காகும்.

அலுமினியத்தில் சிவப்புத் துரு வராது, வெள்ளைப் பொடி படியும். அலுமினியத்துக்குள் இரும்பு ஸ்க்ரூ இறுகியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். ஸ்க்ரூவும் கழற்ற வராமல் உள்ளேயே சிக்கிவிடும். மாட்டும்போதே மரையில் துளி கிரீஸ் தடவினால் இந்தத் தொல்லை இல்லை.

இதெல்லாம் வேண்டாம்

தேங்காய் எண்ணெய்: சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். நாளடைவில் பிசுபிசுப்பாகிப் பேரிங்கை இறுக்கிவிடும்.

பெட்ரோல், தின்னர்: தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம், பிளாஸ்டிக் பாகங்கள் விரிசல் விடுவது இன்னொரு பக்கம்.

டபிள்யூ.டி-40 மட்டும்: பெயரிலுள்ள 'டபிள்யூ.டி'க்கு அர்த்தமே தண்ணீரை விரட்டுவது. அந்த வேலையை நன்றாகச் செய்யும். ஆனால் அது பேரிங்கில் நீடித்து நிற்காது. அது காய்ந்த பிறகு எண்ணெய் போட்டே ஆக வேண்டும்.

உப்புத்தாள்: அழுத்தித் தேய்த்தால் துருவோடு சேர்ந்து மேல்பூச்சும் போய்விடும். பிறகு இன்னும் சீக்கிரம் துரு வரும்.

பரணில் வைக்கும் முன்

பென்சில் செல் போடும் பொம்மைக் கார்களில், செல் கசிந்து ஸ்பிரிங் அரிப்பதுதான் அடிக்கடி நடப்பது. பரீட்சை நேரத்தில் காரை எடுத்துவைக்கிறீர்களா? செல்களைக் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே வெள்ளைப் படிவு இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, வினிகரில் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்து, பிறகு தண்ணீரில் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிடுங்கள். இந்த வேலை பெரியவர்களுடையது.

செருப்பு, ஹேண்ட்பேக் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைத் தூக்கிப்போடாமல், மூடி இறுக்கமான டப்பாவில் காரோடு சேர்த்துவைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்திலிருந்து தப்பிக்கலாம். சின்னக் குழந்தைகள் கையில் மட்டும் அந்தப் பாக்கெட் கிடைக்கக் கூடாது.

வீட்டில் ஏற்கெனவே ஓடாத ரிமோட் கார் ஒன்று இருந்தால், குப்பையில் போடும் முன் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பாருங்கள். மூன்று சுற்றி ஒன்று மட்டும் மக்கர் பண்ணினால், அந்த ஒரு பேரிங்கை மாற்றினாலே கார் மறுபடி ஓட வாய்ப்பு அதிகம்.