கணக்கு உரைப்பதும் ஒரு கலை

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' என்று போற்றுவது நம்மவர் மரபு. ஆனால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக் காற்றோடு பெருமழை தொடங்கிவிட்டால், வாவிக் கரையெங்கும் எழும் கேள்வி வேறொன்று: "முகத்துவாரம் எப்போது வெட்டுவார்கள்?"

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாவி, பாலமீன்மடுவுக்கு அருகிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலைச் சேர்கின்றது. மழையற்ற காலத்திலே அலைகள் ஒதுக்கும் மணல் அதன் வாயை அடைத்துவிடும். மாரியில் ஆற்று வெள்ளம் வந்து நிறையும்போது, மணல்மேட்டை வெட்டினாலன்றி நீர் விரைந்து வடிய வழியில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, பெரும்போக நெல் பயிராக நிற்கும் காலம் அது. ஆகவே வேளாண்மை செய்வோர், "இன்றே வெட்டுங்கள்" என்பர். வாவியை நம்பி வாழும் மீனவரோ, காலம் தவறி வெட்டினால் மீனும் இறாலும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடுமே என்று அஞ்சுவர். தாழ்நிலத்தில் குடியிருப்போருக்குத் தம் வாசற்படியைப் பற்றிய கவலை. நீர்மட்டம் ஒன்று, அதை நோக்கும் கண்களோ பல.

இத்தகைய சபையிலே எழுந்து கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்? நீர்மட்டத்தையும் மழையளவையும் தொகுத்து ஆராய்ந்தவரே. அவரை இன்று 'தரவுப் பகுப்பாய்வாளர்' என்கின்றோம். அலுவலகம், வங்கி, மருத்துவமனை என எங்கும் அவருக்கு வேலையுண்டு. நம் மாணவர் பலரும் அத்தொழிலை நாடுகின்றனர். கணிதத்தில் வல்லவராய் இருந்தால் போதும் என்று அவர்கள் எண்ணுவார்களாயின், அது பாதி உண்மையே.

"நீர்மட்டம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை சென்ரிமீற்றர்" என்று ஒருவர் கூறி அமர்ந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னது பிழையன்று. எனினும் கேட்டவருக்கு அதனால் பயனுமில்லை. "மழை இவ்வாறே நீடித்தால் நாளை மறுநாள் மாலைக்குள் தாழ்ந்த வயல்களின் வரம்பு மூழ்கும், இன்று வெட்டினால் இன்ன நன்மை, இன்ன நட்டம்" என்று சொல்லட்டும். அப்போது அந்த எண் வயலுக்கு வருகின்றது, தோணிக்கும் வருகின்றது. கேட்பவர் எதைத் தீர்மானிக்க வேண்டியவர் என்பதை முதலில் அறிந்து, அவர் அன்றாடம் காணும் அடையாளத்தைக் கொண்டு முடிவை முன்வைப்பதே முதற் பாடம்.

இரண்டாவது பாடத்தை அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்திலுள்ள கிராண்ட் போர்க்ஸ் நகரம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1997ஆம் ஆண்டு, உருகும் பனியால் அங்குள்ள ஆறு 49 அடி வரை உயரும் என்று வானிலைத் துறையினர் முன்கூட்டியே கணித்துக் கூறினர். அந்த எண் பல அடிகள் பிழைக்கக்கூடும் என்பது மக்களுக்கு அழுத்திச் சொல்லப்படவில்லை. 49ஐயே எல்லையென நம்பிய நகரத்தார், அதற்குச் சற்று மேலாக ஆற்றங்கரை அணைகளை உயர்த்திவிட்டு ஆறுதலடைந்தனர். ஏப்ரல் மாதத்தில் வெள்ளமோ 54 அடிக்கு மேல் எழுந்தது. பெரும்பாலான மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. ஐயத்தைச் சொன்னால் தம்மை அறியாதவர் என்று உலகம் நினைக்குமோ என்று கணக்கர் நாணுதல் ஆகாது. எதுவரை உறுதி, எங்கிருந்து ஐயம் என்று பிரித்துரைப்பதே உண்மையான புலமை.

மூன்றாவது பாடம், கேட்டல். நீளமான வாவியில் ஓரிடத்துக் கருவி காட்டும் அளவு மற்றோரிடத்துக்குப் பொருந்தாமற் போகலாம். காற்று எத்திசையில் நீரை ஒதுக்கும், எந்த வயல் முதலில் மூழ்கும் என்பதை வயதுசென்ற மீனவரும் போடியாரும் அனுபவத்தால் அறிவர். அவர்கள் மறுத்துப் பேசுவதைத் தம் கணக்குக்கு இழைத்த அவமதிப்பாக எண்ணாது, கணக்கிலே சேர வேண்டிய செய்தியாகக் குறித்துக்கொள்பவரே அறிவாளர். அதே வேளை, கமக்காரரிடம் ஒன்றும் மீனவரிடம் இன்னொன்றுமாக எண்ணை மாற்றிச் சொல்லலாகாது. சொல்லும் முறை ஆளுக்கு ஏற்ப மாறலாம். எண் மாறுமாயின் நம்பிக்கை போய்விடும். போன நம்பிக்கை அடுத்த மாரிக்குள் திரும்பி வருவதில்லை.

மாணவர்களே! உங்கள் கணக்கைச் சபைக்குக் கொண்டு செல்லுமுன் வீட்டிலே அம்மம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். பொறுமையோடு கேட்டுவிட்டு அவர், "சரி மகனே, இப்போது நாங்கள் செய்ய வேண்டியது என்ன?" என்று வினவுவாராயின், உங்கள் உரை இன்னும் முடியவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.