கணக்கில் தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்கள்

வங்கிக் கணக்கு அறிக்கையில் எதிர்பாராத பிடித்தம் ஒன்றைக் காண்போர் அதனைத் திருட்டு என்று அஞ்சுவது இயல்பே. ஆயினும் மாதந்தோறும் ஒரே தொகையாக, ஏறக்குறைய ஒரே தேதியில் செல்லும் பணம், பெரும்பாலும் கணக்குடையவர் முன்னொரு நாள் அளித்து மறந்துவிட்ட அனுமதியின் விளைவாகவே இருக்கும். 'மேண்டேட்' எனப்படும் அந்த அனுமதி, குறிப்பிட்ட வரம்புக்குள் தொகையை அவ்வப்போது எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு முன்கூட்டியே வழங்கும் ஒப்புதலாகும். டெபிட், கிரெடிட் அட்டைகளின் வழியாகவோ, 2020இல் அறிமுகமான யுபிஐ ஆட்டோபே வழியாகவோ, கடன் தவணைகளுக்கும் காப்பீட்டுப் பிரீமியங்களுக்கும் பெரிதும் பயன்படும் 'நாச்' முறையின் வழியாகவோ அது பதிவாகியிருக்கலாம்.

இலவசச் சலுகைக் காலத்தை நம்பி ஒரு செயலியில் சேர்பவர், ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ செலுத்தி ரகசிய எண்ணை இடும்போது, அச்சிறு தொகைக்கு மட்டுமே இசைவு தருவதாக எண்ணுகிறார். ஆனால் சலுகைக் காலம் முடிந்தபின் முழுக் கட்டணத்தையும் எடுப்பதற்கான ஒப்புதலும் அப்போதே பதிவாகிவிடுகிறது. அந்தப் பதிவு கைபேசியில் அன்றி வங்கியிடம் இருப்பதால், செயலியை நீக்கிவிடுவதால் மட்டும் பிடித்தம் நிற்பதில்லை.

அறிக்கையில் சேவையின் பெயருக்குப் பதிலாக, பணத்தை வசூலித்துத் தரும் ரேசர்பே, பில்டெஸ்க் போன்ற இடைநிலை நிறுவனத்தின் பெயர் இருக்கக்கூடும் என்பதும், நாச் பிடித்தங்கள் 'ஏசிஎச்' என்னும் சுருக்கத்துடன் வரக்கூடும் என்பதும் குழப்பத்தைப் பெருக்குகின்றன. மே மாத இறுதியில் பலரது பாஸ்புக்கில் காணப்படும் 436 ரூபாய், பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கும், 20 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கும் உரிய ஆண்டுப் பிரீமியங்களாகும். குடும்பத்தார் இதனை அறிந்திருந்தால்தான் இறப்பு நேரும்போது இழப்பீடு கோர இயலும்.

அட்டை, யுபிஐ ஆகியவற்றின் வழியான தொடர் பிடித்தங்களுக்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பப்பட வேண்டும் என்பதும், பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் மறு உறுதி பெறப்பட வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிகள். நூறு விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அத்தகவல் புதைந்துபோவதால், விதி தரும் பாதுகாப்பு நடைமுறையில் குறைந்துவிடுகிறது. சேர்வதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் அமைக்கும் 'சந்தாப் பொறி'யை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் தடை செய்துள்ளன. அத்தகைய அமைப்பை வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

மறந்த சந்தா எனில், யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலோ வங்கியின் இணையதளத்திலோ மேண்டேட்டை ரத்து செய்வதுடன், சேவை நிறுவனத்திடமும் சந்தாவை முடித்துக்கொள்ள வேண்டும். ஒப்புதலே தராத பிடித்தம் எனில், அதன் வழி வேறு. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியில், தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் முறையிடுபவருக்கு இழப்பில் பொறுப்பே இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. வங்கி 30 நாள்களுக்குள் பதிலளிக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. வங்கியிடம் எழுத்து வடிவில் அளித்த முறையீட்டின் எண்ணை அதற்காகக் கட்டாயம் பாதுகாத்து வையுங்கள்.