பஞ்சர் கடை வரைக்கும்

புதிதாக வாங்கிய காரின் டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தவர்களில் பலர் ஒரு முறையாவது முகம் சுளித்திருப்பார்கள். வெளியே நான்கு அலாய் சக்கரங்கள் பளபளக்க, உள்ளே கறுப்பு இரும்பு ரிம்மில் ஒரு சுற்றுச் சின்னதாய் ஒரு டயர் படுத்திருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று ரிம்மில் ஒரு ஸ்டிக்கர் வேறு. வேடிக்கை என்னவென்றால், விலை குறைந்த அடி மாடலில் பெரும்பாலும் ஐந்து சக்கரமும் ஒரே அளவு. கூடுதலாகச் சில லட்சம் கொடுத்தவருக்குத்தான் இந்தக் குட்டி ஸ்டெப்னி.

ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்புவதற்கு முன் ஸ்டெப்னியின் பிறப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆரம்பகாலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. சாலையெங்கும் குதிரை லாட ஆணிகள் கிடக்கும். பஞ்சரானால் வழியிலேயே உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். 1904-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த லானெல்லி என்ற ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் ஏற்கெனவே காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அதன் பக்கவாட்டில் இந்த வளையத்தை வைத்துக் கவ்விகளால் முடுக்கிவிட்டுக் கிளம்பலாம். அவருடைய கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்து, கப்பலேறி நம் ஊர் மெக்கானிக்கின் வாயில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

ஆக, முதல் ஸ்டெப்னி முழுச் சக்கரம்கூட அல்ல, ஊனக்காலோடு சேர்த்துக் கட்டிய கட்டைக்கால். நம் டிக்கியில் கிடக்கும் குட்டி டயர்தான் அதன் நேர் வாரிசு. அதன் வேலை பஞ்சர் கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, மேலே சொன்ன, சாதாரண டயரிலேயே ஓர் அளவு சிறியது. இன்னொன்று, அசல் தற்காலிக டயர். பக்கவாட்டில் அளவுக்கு முன்னால் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி ஒல்லியாக இருக்கும். இதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்று அடிக்க வேண்டும், வழக்கமான டயருக்கு அடிப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன் இவ்வளவு? ஒரு சக்கரத்தின்மேல் 350 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 33 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. எடையைத் தாங்க டயர் ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் தரையில் பதிய வேண்டும், விரல்களோடு விரித்த ஒரு கை அளவு. ஒல்லி டயருக்கு அவ்வளவு இடம் ஏது? அழுத்தத்தை ஏற்றித்தான் அதே எடையைத் தாங்குகிறது. பதியும் இடமோ 80 சதுர சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் சுருங்கிவிடுகிறது.

பாதிக் கையால் பிடித்துக்கொண்டு போகிற வண்டி இது. பிரேக் அடித்தால் நிற்க அதிகத் தூரம் எடுக்கும். வளைவில் ஒரு மூலை மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வரிப்பள்ளமும் ஆழமில்லாதது என்பதால் மழையில் இன்னும் நிதானம் வேண்டும். 80 என்பது உச்ச வரம்பு. ஈரச் சாலையில் 60-கூட அதிகம்.

வெளியே தெரியாத சிக்கல் ஒன்று டிஃபரன்ஷியலில் இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பதுதான் அதிலுள்ள சிறு பற்சக்கரங்களின் வேலை. நேர்ச்சாலையில் அவற்றுக்கு ஓய்வு. இப்போது ஒரு பக்கம் 205/60 ஆர்16 டயரும் மறுபக்கம் 185/65 ஆர்15 ஸ்டெப்னியும் இருந்தால் விட்டத்தில் சுமார் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்குச் சின்னது 24 சுற்று அதிகம் சுற்றும். அதாவது கார் தன் கணக்கில் ஓயாமல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து ஊர் வரை பரவாயில்லை. சென்னையிலிருந்து மதுரை வரை இழுத்தால் சூடும் தேய்மானமும் கூடும். ஏபிஎஸ் கருவியும் சக்கர வேகத்தைப் பார்த்தே முடிவெடுப்பதால் டேஷ்போர்டில் விளக்கு எரியக்கூடும்.

முன்சக்கரங்களை எஞ்சின் சுழற்றும் கார்கள்தான் இன்று அதிகம், அவற்றில் டிஃபரன்ஷியலும் முன்னால்தான். முன்டயர் பஞ்சரானால் பின்டயர் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டச் சொல்லும் கையேடுகள் உண்டு. ஸ்டியரிங், இழுவை, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்னால் இருக்கின்றனவே. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போகும்போது ஜாக்கியை இரண்டு தடவை ஏற்றி இறக்கும் பொறுமை யாருக்கு என்பது வேறு விஷயம். இடம் தோதாக இருந்தால் செய்யலாம்.

நட்டுகளைத் தரையில் சக்கரம் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போட வேண்டும். முடுக்கும்போது வரிசையாகப் போகாமல் எதிரெதிராகப் போனால்தான் ரிம் சரியாக உட்காரும். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள்.

இதெல்லாம் ஸ்டெப்னியில் காற்று இருந்தால்தான். டயர் சும்மா கிடந்தாலும் மாதாமாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கசியும். பெட்ரோல் பங்கில் நான்கு சக்கரத்துக்கும் காற்றடிக்கும் நாம் ஐந்தாவதை நினைப்பதில்லை, அதன்மேல் லக்கேஜ் இருக்கும். 'டி' டயருக்கு 60 என்றால் காற்றடிக்கும் பையன் சந்தேகமாகப் பார்ப்பான். டயரில் அச்சிட்டிருப்பதைக் காட்டுங்கள். அங்கேயே நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்.

2020-இல் மத்திய அரசின் விதித்திருத்தம் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னியே தேவையில்லை என்று அனுமதித்துவிட்டது. துளைக்கு அந்தப் பெட்டி போதும். பக்கவாட்டில் கிழிந்தால் உதவாது. குட்டியானாலும் இருக்கட்டும் என்பதே என் கட்சி.

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. ஒல்லி ஸ்டெப்னிக்கென்று வெட்டிய குழியில், கழற்றிய பெரிய சக்கரம் பெரும்பாலும் அடங்காது. சேறும் சகதியுமாக அது பின்சீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து வரும். ஜாக்கிக்குப் பக்கத்தில் பழைய போர்வை ஒன்று மடித்து வைத்திருங்கள்.