கல், பூ, கயிறு: மனவடு ஆறுவதில் கலையும் கதையும்

மனவடு என்பது

போர், ஆழிப்பேரலை, சித்திரவதை, பாலியல் வன்கொடுமை, கோர விபத்து என உயிரையோ உடலையோ நேரடியாக அச்சுறுத்திய நிகழ்வு முடிந்து நெடுநாளான பின்னும், அது இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே உள்ளமும் உடலும் உணரும் நிலையை உளமருத்துவர் மனவடு என்பர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் துயரம் பேசப்பட்டதைத் தொடர்ந்து, 1980ஆம் ஆண்டு அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. கொடுங்கனவு, விழித்திருக்கும்போதே காட்சிகள் மீண்டு வருதல், அவற்றை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் தவிர்த்தல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்கும்போது அது நோயெனக் கருதப்படுகிறது. துயரத்துக்கு உள்ளாகும் எல்லோருக்கும் இது வருவதில்லை. குடும்பமும் ஊரும் தாங்கிப் பிடிக்கும்போது பெரும்பாலோர் காலப்போக்கில் தாமே தேறிவிடுகின்றனர்.

இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் இந்நோய் உள்ளத்தின் பெயரால் மருத்துவரிடம் வருவது அரிது. தலையிடி, உடல் உளைவு, நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை என உடலின் முறைப்பாடாகவே வரும். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனி மனிதரின் மனவடுவுடன் குடும்பமும் கிராமமும் நம்பிக்கையும் சேர்ந்து சிதையும் கூட்டு மனவடுவையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்று தம் ஆய்வுகளில் வலியுறுத்தினார். கலையும் கதையும் மருத்துவமாகும் இடத்தை விளங்கிக்கொள்ள இக்கருத்து அடிப்படையானது. ஏனெனில் இவ்விரண்டும் தனியறைக்குள் மட்டும் நிகழ்பவை அல்ல.

சூட்டு நினைவும் குளிர் நினைவும்

இயல்பான நினைவுக்கு இடமும் காலமும் உண்டு. எங்கே நடந்தது, அதற்கு முன் என்ன, பின் என்ன என்று மனிதர் அதைச் சொல்ல முடியும். பேரச்சத்தின்போது மூளையில் அச்சத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற பகுதி மிகுந்த வேகத்தில் இயங்க, நிகழ்வை இடத்துடனும் காலத்துடனும் பிணைத்து அடுக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் வேலை தடுமாறுகிறது என்று நரம்பியலாளர் விளக்குகின்றனர். அதனால் மணம், ஓசை, வெப்பம், உடல்நடுக்கம் ஆகியவை கூர்மையாகப் பதிந்திருக்க, அவை எந்த நாளுக்கு உரியவை என்ற குறிப்பு மட்டும் அறுந்து நிற்கிறது. இப்படிப் பதிந்ததைச் சூட்டு நினைவு என்றும், இடம் காலம் அறிந்த இயல்பான நினைவைக் குளிர் நினைவு என்றும் ஆய்வாளர் வழங்குவர். தீபாவளி வெடியோசை கேட்டுக் கட்டிலடியில் ஒளியும் சிறுவனுக்குச் செல்வீச்சு பழங்கதை அன்று. அந்தக் கணத்தில் அது அவனைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே சிகிச்சையின் நோக்கம் நினைவை அழிப்பதாக இருக்க முடியாது. சூட்டு நினைவுக்கு அது இழந்த நாளையும் இடத்தையும் திருப்பித் தருவதே அதன் நோக்கம்.

ஒரு வாழ்க்கையைக் கயிற்றில் விரித்தல்

இந்த அடிப்படையில் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷவர், பிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கியதே கதையுரைப்புச் சிகிச்சை. சிலி நாட்டின் இராணுவ ஆட்சிக்காலத்தில் சித்திரவதைக்கு உள்ளானோரின் சாட்சியங்களைப் பதிவுசெய்து அதையே மருந்தாக்கிய உளவியலாளரின் அனுபவம் இதற்கு முன்னோடி.

முதல் அமர்வில் தரையில் ஒரு கயிறு விரிக்கப்படுகிறது. அதன் ஒரு முனை பிறப்பு. மகிழ்ச்சி தந்த நிகழ்வுகளுக்குப் பூக்களையும், அச்சமும் இழப்பும் தந்தவற்றுக்குக் கற்களையும் உரியவரே கால வரிசைப்படி அதன்மேல் வைக்கிறார். இனி வரவிருக்கும் ஆண்டுகளுக்காகக் கயிற்றின் மறுமுனை விரிக்கப்படாமல் சுருட்டி விடப்படுகிறது. அடுத்தடுத்த அமர்வுகளில் பிறப்பு முதல் கதை சொல்லப்படுகிறது. ஒரு கல்லை நெருங்கியதும் உளவளத்துணையாளர் கதையின் வேகத்தைக் குறைத்து, அப்போது கண்டது என்ன, கேட்டது என்ன, உடல் எப்படி இருந்தது, மனம் என்ன எண்ணியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அச்சம் ஏறி மெல்லத் தணியும்வரை உடனிருக்கிறார். உச்சத்தில் கதையை நிறுத்துவது தீங்கானது என்பது இம்முறையின் கண்டிப்பான விதி. சொன்னவை எழுதப்பட்டு அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டப்படுகின்றன. உரியவர் திருத்துகிறார், சேர்க்கிறார். இறுதியில் முழு வாழ்க்கைக் கதையும் அவர் கையில் ஓர் ஆவணமாக ஒப்படைக்கப்படுகிறது.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், ஏற்கெனவே போரைக் கண்டிருந்த வடகிழக்கு இலங்கையின் முகாம்களில் 31 சிறுவரிடம் இதன் சிறார் வடிவம் சோதிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளரே ஆறு அமர்வுகளை நடத்தினர். ஒரு குழுவுக்குக் கதையுரைப்பும் மற்றொன்றுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் தரப்பட்டன. 2008இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களுக்குப் பின் முதற்குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். இவ்வளவு சிறிய ஆய்வில் இந்த இடைவெளியைக் கொண்டு கதையுரைப்பே உயர்ந்தது என்று சொல்ல இயலாது. மனவடு ஆறுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்பதையும், தொலைவிலிருந்து வரும் நிபுணருக்காகக் காத்திராமல் பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளரே அவ்வழிகளில் நடத்திச் செல்ல முடியும் என்பதையும் அது காட்டியதே பெரிய செய்தி.

சொல் எட்டாத இடத்தில் கோடு

எல்லோராலும், குறிப்பாகக் குழந்தைகளால், கதை சொல்லிவிட முடிவதில்லை. கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் சிறுவரை ஒரே வளவுக்குள் கூட்டி, களிமண், வண்ணம், கூத்து, கதை, செடி, விலங்கு ஆகியவற்றின் நடுவே விளையாட விட்டது. அங்கு போர் நேரடியாகக் கேட்கப்படவில்லை. கற்பனைக் கதையின் அரக்கனாகவும் தொலைந்த பறவையாகவும் அது வர விரும்பினால் வரலாம், வராமலும் இருக்கலாம்.

நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைபட்ட சிறுவருக்கு மறைவாக ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், ஒவ்வொரு படத்திலும் வரைந்த குழந்தை தன் பெயரை எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மனிதரை எண்ணாக்கிய ஓரிடத்தில் அது சிறு செயலன்று. 1944இல் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் பிராகாவின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. அவருடைய மாணவி எடித் கிராமர் பின்னாளில் அமெரிக்காவில் கலைவழிச் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தொம்பு’ என்ற பொருள் தரும் ஆங்கிலத் தலைப்புடைய நூல் மருத்துவ நோக்கத்துடன் செய்யப்பட்டதன்று. ஆயினும் மருத்துவர் அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தொம்பின் வடிவில், இடம்பெயர்ந்த 80 பேர் தாம் இழந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். குசினி எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று கை தேடும்போது, இழப்பு அளவும் எல்லையும் கொண்ட ஒன்றாகத் தாளில் நிற்கிறது.

ஒப்பாரிக்கு இடமில்லாத இழப்பு

இறந்தவரின் பெருமையையும் தன் தனிமையையும் அடுக்கிச் சொல்லி, சூழ்ந்திருக்கும் பெண்கள் கூடவே அழ, ஒப்பாரி துயரத்துக்கு வடிவமும் சாட்சியும் கொடுத்து வந்துள்ளது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. உடல் இல்லை, நாள் இல்லை, ஈமச்சடங்கு செய்வதே நம்பிக்கையைக் கைவிடுவதாகத் தோன்றுகிறது. முடிவு தெரியாத கதையை எந்தச் சிகிச்சையும் முடித்துவைக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்ளாத உளநலப் பணி, நீதியின் வேலையைத் தாயின் மனத்தின்மேல் ஏற்றும் பிழையைச் செய்கிறது.

கொட்டித் தீர்த்தால் போதுமா

மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற பொதுநம்பிக்கை பாதியே உண்மை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் ஆழ்ந்த துயரத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் என நான்கு நாட்கள் எழுதினர். எழுதிய உடனே மனநிலை தாழ்ந்தபோதிலும் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடுவது குறைந்தது. பிற்கால ஆய்வுகள் இப்பயன் சிறிய அளவினது என்று காட்டியுள்ளன. காரணங்களைத் தேடி, நாளுக்கு நாள் கதையாகக் கோத்துக்கொண்டு போனவர்களே கூடுதல் நலம் பெற்றனர் என்பதும் பென்னிபேக்கரின் ஆய்வுகளில் தெரியவந்தது.

பேரிடர் நடந்த உடனேயே பாதிக்கப்பட்டவரை அமர்த்தி நிகழ்ந்ததை விவரிக்கச் செய்யும் ஒற்றை அமர்வு, பின்வரும் மனவடு நோயைத் தடுப்பதில்லை என்பதால் உலக நலவாழ்வு அமைப்பு அதைப் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பு, உணவு, உறவினரைத் தேடித்தருதல், கேட்டால் மட்டும் செவிமடுத்தல் ஆகியவை அடங்கிய உளநல முதலுதவியையே அது முன்வைக்கிறது. ஒலிவாங்கியும் கேமராவும் கொண்டு முகாமுக்குள் நுழைவோர் இதை அறிந்திருத்தல் நலம்.

வீட்டிலும் பள்ளியிலும்

குழந்தை வரைந்த கறுப்பு வீட்டுக்கு உடனே பொருள் சொல்வதும், அழகாக வரையச் சொல்லித் திருத்துவதும், கேட்காமல் அதைச் சுவரில் ஒட்டுவதும் தவிர்க்க வேண்டியவை. படத்தைப் பற்றிச் சொல்ல விருப்பமா என்று கேட்டு, மறுத்தால் விட்டுவிடுவதே முறை. பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் உடனில்லாமல் எழுதும்போதோ வரையும்போதோ நடுக்கம், மூச்சுத்திணறல், தன்னிலை மறத்தல் தோன்றினால் அன்றைக்கு நிறுத்தி, கால் தரையில் பதிந்திருப்பதையும் சுற்றியுள்ள பொருட்களையும் கவனிக்கச் செய்யவேண்டும். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, மது பெருகினாலோ, தற்கொலை எண்ணம் எழுந்தாலோ தூரிகையும் குறிப்பேடும் போதமாட்டா. இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணிலும் இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணிலும் தொலைபேசி வழி உதவி கிடைக்கிறது.