திமூர் மரத்தின் முள்

ரோஜாப் பூ பறிக்கும்போது முள் குத்தும். கையை உதறிவிட்டு வேலையைப் பார்ப்போம். நாள் முழுவதும் முள்ளுக்குள் கையை விட்டுத்தான் பறிக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

உத்தரகண்ட் மலைகளில் திமூர் என்று ஒரு சிறு மரம் இருக்கிறது. அதன் காய் மிளகு அளவு இருக்கும். பழுத்தால் சிவக்கும். காய்ந்தால் வெடிக்கும். உள்ளே இருக்கும் கறுப்பு விதையை நீக்கிவிடுவார்கள். மேல்தோல்தான் மசாலா. அதை மென்றால் நாக்கு விறுவிறு என்று மரத்துப்போகும். கொங்கணக் கடற்கரையில் மீன் குழம்பில் திர்பல் போடுவார்கள். அது திமூருக்கு நெருங்கிய உறவு. (திரிபலா சூரணம் வேறு, இது வேறு.) சீனாவில் இந்த வகை மரங்களைப் பெரிய தோட்டங்களாகவே வளர்க்கிறார்கள்.

காய்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். கொத்தைச் சுற்றிலும் முள். இலைக்காம்பிலும் முள். கையால்தான் பறிக்க வேண்டும். விரல் கிழியும். இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கடினம் என்பதில் வியப்பு இல்லை.

முள் எங்கிருந்து வருகிறது? செடியின் உடலில் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகள் இருக்கின்றன. அவை செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குறிப்பு இருக்கிறது. இலை எப்படி இருக்க வேண்டும், முள் எங்கே முளைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். அந்தக் குறிப்பின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மரபணு.

'கல்' என்று எழுதுகிறோம். அதில் ஒரு துணைக்கால் சேர்ந்தால் 'கால்' ஆகிவிடும். மரபணுவிலும் அப்படித்தான். சிறு மாற்றம் போதும், முள்ளே முளைக்காது.

கத்தரியைப் பாருங்கள். சில ரகங்களில் காம்பில் முள் உண்டு. சிலவற்றில் இல்லை. இதற்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2024-இல் வெளியிட்டார்கள். செல்களைப் பெருகச் செய்யும் ஒரு ஹார்மோனை உண்டாக்க அந்த மரபணு உதவுகிறது. அது கெட்டுப்போனால் முள் இல்லை. ரோஜாவிலும் இதே வகை மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். முள் குறைந்தது.

திமூரிலும் இதே கதைதான் என்று சொல்லிவிட முடியாது. சீனாவில் முள் உள்ள மரத்தையும் முள் இல்லாத மரத்தையும் பக்கத்தில் வைத்து ஆராய்கிறார்கள். எந்த மரபணு எதில் அதிகம் வேலை செய்கிறது என்று தேடுகிறார்கள்.

முள் இல்லாத மரத்தோடு இனக்கலப்பு செய்து புது ரகம் உண்டாக்கலாமே என்று கேட்கலாம். இரண்டு நெல் ரகங்களை அப்படித்தான் சேர்க்கிறார்கள். ஆனால் சீனத் தோட்டங்களில் உள்ள இந்த மரங்களுக்கு ஒரு விசித்திர குணம். மகரந்தம் சேராமலே விதை பிடிக்கும். அந்த விதை தாயின் அச்சாகவே வளரும். அப்பா இல்லாத பிள்ளை! அதனால் இரு மரங்களின் குணங்களைக் கலப்பது கடினம். மரபணுவைத் தெரிந்துகொள்வது அதனால்தான் அவசியமாகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. மலைக் கிராமங்களில் திமூரை உயிர்வேலியாகவும் நடுகிறார்கள். வயலுக்குள் மாடு நுழையாமல் அந்த முள்தான் தடுக்கிறது. வேலிக்கு நடுபவர் முள் உள்ள கன்றைத்தான் கேட்பார். காய் பறிப்பவர் முள் இல்லாத கன்றைக் கேட்பார். அப்படி ஒரு நல்ல மரம் அமைந்துவிட்டால், தாயின் அச்சாக வரும் அந்த விதையே பறிப்பவருக்குச் சாதகமாகிவிடும். அதை விதைத்தாலே முள் இல்லாத கன்று கிடைக்கும்.