கவிழ்த்து வைத்த சீட்டு

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று, பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி எழுதியது. கோவில்பட்டிப் பக்கம் ஊர். ஆறு மாதப் பயிற்சிக்காகச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு கூட்டத்தில் உட்காரவைத்துக் கையில் சீட்டுக்கட்டைக் கொடுத்துவிட்டார்களாம். "ஆபீஸில் சீட்டு விளையாடினோம் என்று சொன்னால் அம்மா நம்பவே மாட்டாள் சார்" என்று தொடங்கியிருந்தாள்.

கட்டில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. எல்லாம் எண்கள். 'பாஸ்வேர்டு மறந்தவருக்கு ஓடிபி அனுப்பி, புதிய பாஸ்வேர்டு வைத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும்' என்று ஒரு வேலையை டீம் லீட் வாசித்தார். எவ்வளவு பெரிய வேலை என்று நினைக்கிறீர்களோ அந்த எண்ணுள்ள சீட்டைக் கவிழ்த்து வையுங்கள் என்றார். வைத்தார்கள். ஒரே நேரத்தில் புரட்டினார்கள். ஐந்து பேர் 3. ஒருவர் 2. இவள் மட்டும் 8.

"காதெல்லாம் சூடாகிவிட்டது சார்."

லீட் முதலில் 2 வைத்தவரைக் கேட்டார். பழைய ப்ராஜெக்டில் எழுதியது கைவசம் இருக்கிறது, எடுத்துப் பொருத்தினால் போதும் என்றார் அவர். அடுத்து இவள் பக்கம் திரும்பினார்: "எதுக்கும்மா எட்டு?"

தயங்கித் தயங்கி இவள் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரில் சிக்னல் சரியாக இருக்காது. ஓடிபி தாமதமாக வரும். வரவில்லையே என்று அப்பா மறுபடி அழுத்துவார். இரண்டாவது எண் கிளம்பியதுமே முதல் எண் செல்லாமல் போய்விடும். ஆனால் அப்பா கைக்கு முதலில் வந்து சேர்வது அந்தப் பழைய எண்தான். அதைப் போடுவார். தவறு என்று சொல்லும். மூன்று முறை தவறினால் கணக்கைப் பூட்டிவிடும். பிறகு அப்பா எனக்கு போன் செய்வார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். மறுபடி சீட்டு வைத்தார்கள். நான்கு பேர் 8, மூன்று பேர் 5. எட்டு என்றே எழுதிக்கொண்டார்கள்.

அந்தச் சீட்டுக்கட்டைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப்போகிறேன். அஜைல், ஸ்க்ரம், ஸ்பிரின்ட் எல்லாம் என்னவென்று விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை. தெருவுக்கு நான்கு ஐடி பிள்ளைகள் இருக்கும் ஊரில் அதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகிவிட்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி, மென்பொருளை எப்படி உருவாக்குவது என்று நான்கு வரியில் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதிலிருந்து அஜைல் என்ற பெயர் நிலைத்தது. ஸ்க்ரம் அதற்கும் மூத்தது. ரக்பி ஆட்டத்துச் சொல். 1986-இல் தகேயுச்சி, நொனாகா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரையிலிருந்து மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டது. இவ்வளவு போதும்.

அஜைலின் உயிர்நாடியை நான் தெரிந்துகொண்டது மட்டும் சமையல்கட்டில். என் பெரியப்பா தவசிப்பிள்ளை. திருநெல்வேலி வட்டாரத்தில் கல்யாணச் சமையல்காரருக்கு அதுதான் பெயர். முதல் பந்தி நடக்கும்போது அவர் கோட்டை அடுப்புப் பக்கம் இருக்கவே மாட்டார். தோளில் துண்டோடு பந்தி ஓரத்தில் நின்று இலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கறி ஒதுக்கி வைக்கப்படுகிறது, எதை இரண்டாம் முறை கேட்கிறார்கள், ரசத்துக்குக் கை குவிக்கும்போது முகம் எப்படிப் போகிறது. இரண்டாம் பந்திக்குள் உப்பும் புளியும் சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தவரைக்கும் கொண்டுபோய்க் காட்டி, முகத்தைப் பார்த்துத் திருத்து என்று ஸ்பிரின்ட் சொல்வதும் அதுவே. முழுச் சமையலையும் முடித்து, எல்லோருக்கும் ஒரே பந்தியில் போட்டுவிட்டு, பிறகு 'எப்படி இருந்தது?' என்று கேட்கும் பழைய முறைக்கு வாட்டர்ஃபால் என்று பெயர். அந்தப் படிக்கட்டுப் படத்தை 1970-இல் வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ், இப்படியே செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எச்சரித்திருந்தார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

சரி, சீட்டுக்கு வருவோம். பிளானிங் போக்கர் என்பார்கள். 2002-இல் ஜேம்ஸ் கிரென்னிங் என்பவர் எழுதி வெளியிட்டது. மைக் கோன் 2005-இல் ஒரு புத்தகத்தில் எடுத்துச் சொல்ல, உலகமெங்கும் பரவியது. அதற்கும் ஒரு மூதாதை உண்டு. ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் 1950-களில் டெல்ஃபி என்றொரு முறையை வகுத்தார்கள். நிபுணர்களை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவிடாமல் தனித்தனியே கருத்துக் கேட்டு, தொகுத்துக் காட்டி, மறுபடி கேட்கும் முறை. முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1988-இல் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். வட்டிக் கணக்குப் பட்டியல் அச்சிடும் நிரல். "எத்தனை நாளாகும்?" என்று மேலதிகாரி கேட்டார். என் பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியர், "பத்து நாள் சார்" என்றார். என் மனதில் இருந்தது முப்பது. வாயில் வந்தது பன்னிரண்டு. வேலை முடிய இரண்டு மாதமானது. அதிலும் கடைசி வாரம் ஆபீஸ் மேசையிலேயே தூங்கினேன்.

முப்பது எப்படிப் பன்னிரண்டாகச் சுருங்கியது? டிவர்ஸ்கி, கானெமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. எண்கள் எழுதிய சக்கரத்தை ஆட்களுக்கு முன்னால் சுழற்றினார்கள். அது 10-இல் அல்லது 65-இல் மட்டும் நிற்கும்படி முன்பே செய்துவைத்திருந்தார்கள். பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை விடை 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெறும் சக்கரமே இவ்வளவு இழுக்குமானால், சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் மேலதிகாரியின் வாய் எவ்வளவு இழுக்கும்! அதனால்தான் சீட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் ஒரே நேரத்தில் புரட்டுகிறார்கள். புரட்டியதும் முதலில் பேச வேண்டியவர்கள் இரண்டு பேர்: மிகக் குறைந்த எண் வைத்தவரும், மிக அதிகம் வைத்தவரும். நடுவில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மூன்று நாள் பழக்கமுள்ள பயிற்சி மாணவிக்கு, கேட்காமலே மேடை கிடைத்துவிடுகிறது.

எண்களையும் பாருங்கள். 1, 2, 3, 5, 8, 13, அப்புறம் 20, 40, 100. முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசை என்று 13 வரை சொல்லிவிடலாம். ஃபிபனாச்சி 1202-இல் எழுதினார்; நம் நாட்டு யாப்பு அறிஞர் ஹேமசந்திரர் 1150 வாக்கிலேயே இதைச் சொல்லிவிட்டார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு, நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எழுதிப் பாருங்கள். ஐந்து விதம். ஐந்து மாத்திரை என்றால் எட்டு. (வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். மழை நாளுக்கு நல்ல பொழுதுபோக்கு.)

பதிமூன்றுக்குப் பிறகு 21 வராமல் ஏன் 20? 21 என்றால் யாரோ அளந்து பார்த்துச் சொன்னது போலத் தோன்றும். 20 என்றால் 'ஏறக்குறைய' என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். இடைவெளி கூடிக்கொண்டே போவதும் அதற்காகத்தான். ஒரு கிலோ புளியையும் இரண்டு கிலோ புளியையும் கையில் தூக்கி வித்தியாசம் சொல்லிவிடலாம். இருபது கிலோ மூட்டைக்கும் இருபத்தொரு கிலோ மூட்டைக்கும் சொல்ல முடியாது. ஆகவே அந்த வாதத்துக்கே இடமில்லாமல் சீட்டை எடுத்துவிட்டார்கள்.

இந்த எண்கள் நாள் கணக்கு இல்லை. இதில்தான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பெரியப்பாவிடம் யாராவது, "எத்தனை மணி நேரத்தில் சமைப்பீர்கள்?" என்று கேட்டால் பதிலே வராது. "எத்தனை இலை?" என்று திருப்பிக் கேட்பார். பிறகு, "போன தையில் பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் பாதி வரும், ஆனா சொதி இருக்கிறதாலே கொஞ்சம் கூட" என்பார். செய்து முடித்த ஒன்றோடு ஒப்பிட்டு, இது அதில் எத்தனை பங்கு என்று சொல்வது. ஸ்டோரி பாயின்ட் என்பதும் அந்தப் பங்குதான். நாள் கணக்கில் மனிதர்கள் படுமோசம். 1994-இல் வந்த ஓர் ஆய்வில் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள்.

இனி என் புலம்பல். மாணவியின் கடிதத்தின் இரண்டாம் பக்கம் அவ்வளவு உற்சாகமாக இல்லை. ஸ்டாண்ட்-அப் என்பது பதினைந்து நிமிடம், குழுவில் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசி அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்ள. அவள் இருக்கும் இடத்தில் அது நாற்பது நிமிடம் ஓடுகிறது. ஒவ்வொருவரும் லீடைப் பார்த்து, நேற்று செய்ததை ஒப்பிக்கிறார்கள், வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வது போல. அதைவிட மோசம், மாதக் கடைசியில் எக்செல் தாளில் ஆளுக்கு எத்தனை பாயின்ட் முடித்தார்கள் என்று பட்டியல் போட்டு மேலே அனுப்புகிறார்களாம். இன்னொரு குழு அறுபது முடித்திருக்கிறது, நீங்கள் ஏன் நாற்பது என்று கேள்வி வேறு.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் அளவு மாறும். ஒரு குழுவின் ஐந்தும் இன்னொரு குழுவின் ஐந்தும் அப்படித்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டல் கழித்தல் போடுகிறவர் மரக்காலையே பார்க்காதவர். பட்டியல் போடத் தொடங்கியதும் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. போன மாதம் 3 ஆக இருந்த வேலை இந்த மாதம் 5 ஆகும், அடுத்த மாதம் 8. வேலை வளரவில்லை, எண் வளர்ந்திருக்கிறது. ஸ்னோபேர்டில் கையெழுத்திட்ட பதினேழு பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தவன் ஒருவேளை நானாக இருக்கலாம், அப்படியானால் வருந்துகிறேன் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். எண்ணுக்குக் கூலி வைத்துவிட்டால் பிறகு யாரும் தன் மனதில் உள்ளதைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள்.

மாணவிக்கும் அது நடக்கத் தொடங்கிவிட்டது. "இப்போதெல்லாம் கூட்டம் ஆன்லைனில். நான் கடைசியாகத்தான் எண்ணை அழுத்துகிறேன். மற்றவர்கள் பேச்சை வைத்து 3 என்று தெரிந்தால் 3 போட்டுவிடுகிறேன். தப்பா சார்?" என்று கேட்டிருந்தாள். தப்பு அவளுடையது இல்லை. ஆனாலும் முதலில் அழுத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். அப்பாவின் போனை நினைத்துக்கொண்டு அழுத்தினால் எண் தானாக வரும்.

கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தாள். கட்டில் கேள்விக்குறி போட்ட சீட்டு ஒன்று இருக்கிறதே, அதை யாரும் வைத்துப் பார்த்ததில்லை, அதை எப்போது வைப்பது?

'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்வதற்கான சீட்டு அது. அதை வைத்தால் குழு அந்த வேலைக்கு எண் போடாமல், ஓரிரு நாள் ஒதுக்கி, சின்னதாகச் செய்து பார்த்துவிட்டு வரலாம். அதற்கு ஸ்பைக் என்று பெயர். எங்கள் பெரியப்பாவும் ஒரு தடவை அந்தச் சீட்டை வைத்தார். தொண்ணூறுகளில், பம்பாயிலிருந்து வந்து ஊரில் கல்யாணம் வைத்த ஒரு குடும்பம், ரிசப்ஷனுக்குக் கோபி மஞ்சூரியன் வேண்டும் என்றது. அறுநூறு இலை. என்ன செலவாகும், எத்தனை ஆள் என்று கேட்டார்கள். "தெரியாது. மூணு நாள் குடுங்க" என்றார். முப்பது வருஷ அனுபவமுள்ள மனிதர் இப்படிச் சொன்னதில் அவர்களுக்கே சங்கடம். வீட்டுக்கு வந்து வாணலியை ஏற்றினார். முதல் நாள் மாவு பிரிந்து எண்ணெயில் மிதந்தது. இரண்டாம் நாள் சரியாக வந்தது, ஆனால் அரை மணி நேரம் வைத்ததும் சவசவத்துவிட்டது. முன்கூட்டியே பொரித்து வைக்க முடியாது, பந்தி உட்காரும்போதுதான் பொரிக்க வேண்டும், அதற்கு அடுப்படியில் கூடுதலாக இரண்டு ஆள் வேண்டும் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அதன் பிறகுதான் போய்த் தொகையைச் சொன்னார்.

அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் காலிஃப்ளவர்தான்.